அரை மூச்சு

ஜூன் 6, வெள்ளி

கடைசியில் தேதி சொல்லிவிட்டார்கள். இருபதாம் தேதி மாலை ‘செவ்வாய் எல்லை’ டிரெய்லர். இன்று எனக்குக் கடையில் வேலையே ஓடவில்லை. காது மெஷின் வாங்க வந்த பெரியவர் ஒருவரைச் சோதனை அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, “சத்தம் கேட்டா பட்டன அமுக்குங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, சத்தத்தைப் போட மறந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷன் அமுக்கிக்கொண்டே இருந்தார். காது கேட்காதவர்களுக்கு அதை ஒத்துக்கொள்ள மட்டும் மனசு வராது.

இந்த டைரியைப் படத்துக்காகவே தொடங்குகிறேன். பின்னால் எவனாவது ‘செவ்வாய் எல்லை’யின் வரலாற்றை எழுதினால் என்னைக் கேட்காமல் எழுத முடியாது.

முதல் படம் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். செவ்வாய்க்குப் போகிற கலத்தில் எல்லாரும் செத்து, கேப்டன் மட்டும் மிஞ்சுவான். அவனுக்குப் பேச்சுத் துணை அந்தக் கலத்தின் கம்ப்யூட்டர், தாரகை. முகம் கிடையாது, குரல் மட்டும்தான். இருட்டில் அவன் “யாராவது இருக்கீங்களா?” என்று கத்துவான். “கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கேப்டன்” என்பாள். அந்த ஒரு வரிக்கு மொத்தத் தியேட்டரும் எழுந்து நின்றது. அப்புறம் இரண்டு பாகம் எடுத்தார்கள், மூன்றாவது ஊற்றிக்கொண்டது, மூட்டை கட்டிவிட்டார்கள். இப்போது வேறு கம்பெனி, வேறு ஹீரோ, கதையை முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

டப்பிங் பேசியவர் பெயரை அந்தக் காலத்தில் திரையில் போடமாட்டார்கள். தாரகைக்குக் குரல் கொடுத்தது யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குரலை என்னைவிடத் தெரிந்தவன் உலகத்தில் இல்லை. ‘எல்லைக் காவல்படை’ ரசிகர் பக்கத்தை நடத்துவது நான். என் ‘அரை மூச்சு’ வீடியோவைப் பார்க்காதவன் காவல்படையில் கிடையாது. “இருக்கிறேன்” என்பதற்கும் “கேப்டன்” என்பதற்கும் நடுவில் தாரகை ஒரு அரை மூச்சு இழுப்பாள். சாதாரணக் காதுக்கு அது பிடிபடாது. இயந்திரத்துக்கு எதற்கு மூச்சு? அவளுக்குக் கேப்டன்மேல் பிரியம், அதை மறைக்கப் பார்க்கிறாள். இதை நான் சொன்னபோது வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் அழுதுகொண்டு எழுதினார்கள்.

‘அதே தாரகை வருகிறாள்’ என்று கம்பெனி போஸ்டர் போட்டிருக்கிறது. பார்ப்போம்.

ஜூன் 13, வெள்ளி

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. என் பெண்டாட்டி மெர்லின் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். டிரெய்லர் அன்று கட்-அவுட்டுக்கு மாலை சொல்ல நேரம் இருக்கிறது, கேஸ் சொல்ல நேரம் இல்லையாம். உண்மைதான். மாலை ஆளுயரத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டரில் டிரெய்லரை இலவசமாகப் போட்டார்கள். காவல்படை மொத்தமும் வந்திருந்தது. கட்-அவுட்டுக்குச் சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, உள்ளே போனோம். மெர்லினையும் கூட்டிப்போயிருந்தேன். கலம் வந்தது, விசில். ஹீரோ வந்தான், காகிதம் பறந்தது. அப்புறம் இருட்டு. “யாராவது இருக்கீங்களா?” என்றான். தியேட்டர் அப்படியே அடங்கிப்போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு கிழட்டுக் குரல் வந்தது. கரகரவென்று, பழைய தகரக் கதவைத் தள்ளுகிற மாதிரி. “கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கேப்டன்.”

மூச்சு இல்லை.

“ஏ, யாருல இது?” என்று கத்தினேன். நான்தான் முதலில் கத்தினேன், இதை எழுதிவைக்க வேண்டும். அடுத்த நொடி தியேட்டர் முழுக்க அதே கத்தல்தான். திரையை நோக்கித் தண்ணீர் பாட்டில் பறந்தது. இரண்டாவது தடவை டிரெய்லரைப் போட்டபோது அந்தக் குரல் வந்த இடத்தில் எல்லாரும் ஒருசேர ஊளையிட்டோம். மூன்றாவது தடவை போடாமல் லைட்டைப் போட்டுவிட்டார்கள்.

ஸ்கூட்டரில் வரும்போது மெர்லின் சொல்கிறாள்: “எனக்கு அது பழைய பொம்பளக் குரலு மாதிரியேல்லா இருந்து. வயசாயிட்டு, அம்புட்டுத்தான்.”

“ஏட்டி, ஒனக்கு முதல்ல காது டெஸ்ட் பண்ணணும்” என்றேன்.

ஜூன் 21, சனி

கடையை மதியத்துக்கு மேல்தான் திறந்தேன். காலையில் வீடியோ பேசிப் போட்டேன். பழைய வரி, புதிய வரி, இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, “காது இருக்கவன் கேளு” என்று முடித்தேன். ‘எங்கள் தாரகை எங்கே’ என்று ஒரு வாசகம் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் பற்றிக்கொண்டது.

கமெண்டுகளில் சில நன்றாக இருந்தன, எழுதிவைக்கிறேன். ‘இது தாரகையா, தாரகையோட மாமியாரா?’ ‘செவ்வாய்க்குப் போற கலமா, சித்த வைத்தியசாலைக்குப் போற மினி பஸ்ஸா?’ ‘கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனா கண்ணுதான் தெரியல கேப்டன்.’ ‘யாராவது அந்தப் பாட்டிக்கு விக்ஸ் வாங்கிக் குடுங்கப்பா.’ விக்ஸுக்கு நானே சிரித்துவிட்டேன். பக்கத்தின் மேலேயே அதை நிறுத்திவைத்திருக்கிறேன்.

கம்பெனிப் பக்கத்திலும் போய் எல்லாரும் அதையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று ஒரு கூத்து நடந்தது. காதுக்குள் வைக்கிற அச்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். புது நம்பரிலிருந்து அழைப்பு.

“எட்வின் தம்பிங்களா? காவல்படை எட்வின்?”

“ஆமா. யாரு?”

“என் பேரு வனஜா. டப்பிங் ஆர்ட்டிஸ்ட். மெட்ராஸ்லேர்ந்து பேசறேன். உங்க நம்பர் பக்கத்துலயே போட்டிருந்துது.” கொஞ்சம் தயங்கினாள். “நான்தாம்பா தாரகை.”

“எந்தத் தாரகை? பழசா, புதுசா?”

“ரெண்டும் நான்தான்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசவிட்டேன். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் தடித்துவிட்டதாம். சீரியல்களில் மாமியார்களுக்கும் கிழவிகளுக்கும் பேசிக்கொண்டிருக்கிறாளாம். புதுக் கம்பெனி தேடிவந்து கூப்பிட்டார்களாம்.

“ஆடியோ விழாவுல என்னை மேடைல ஏத்தி, இவங்கதான் அந்தத் தாரகைன்னு சொல்லப்போறாங்க. படத்துலயும் பேர் போடறாங்க. இத்தனை வருஷத்துல முதல் தடவ என் பேரு திரைல வரப்போவுது தம்பி. அதுவரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. உங்ககிட்ட சொல்றதே தப்பு. ஆனா உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவேன்? அந்த மூச்சு வீடியோவ நான் அடிக்கடி போட்டுப் பாப்பேன். பேரு தெரியாத ஒருத்திக்காக இந்தப் புள்ள இப்படி உருகுதேன்னு இருக்கும்.”

நன்றாகத்தான் பேசினாள். இந்த மாதிரி ஆட்கள் நன்றாகத்தான் பேசுவார்கள்.

“சரி, அந்த வசனத்தச் சொல்லுங்க, பாப்போம்” என்றேன்.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்றாள். வந்து சொன்னாள். வயசான குரல். மூச்சு இல்லை.

“மூச்சு எங்கம்மா?”

அவள் சிரித்தாள். “அது நான் விட்டதில்ல தம்பி. கேப்டன்னு சொல்ற எடத்துல அன்னிக்கு எனக்கு இருமல் வந்துடுச்சு. அந்த ஒரு வார்த்தைய மட்டும் மறுநாள் பேசி, வெட்டி ஒட்டினாங்க. ஒட்டின எடத்துல கேக்கற சத்தம் அது. உங்க வீடியோ வந்தப்பவே எழுதலாமான்னு பாத்தேன். நீங்க அவ்ளோ அழகா சொல்லியிருந்தீங்க. மனசு வரல.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வெட்டி ஒட்டியதாம்! ஊரே அழுத மூச்சை ஒட்டுப்போட்ட சத்தம் என்கிறாள்.

“அந்தக் கதையெல்லாம் இருக்கட்டும். மூச்சோட சொல்லுங்க” என்றேன்.

சொன்னாள். “சரியில்ல, இன்னொரு தடவ” என்றேன். மறுபடி சொன்னாள். மறுபடி கேட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒவ்வொரு தடவையும் “இப்ப சரியா தம்பி?” என்று கேட்டுக் கேட்டுச் சொன்னாள். கடைசியில் “கேப்டன்” பாதியில் உடைந்து இருமலாகிவிட்டது. நிற்கவேயில்லை அந்த இருமல்.

“ஃபெயில் ஆயிட்டியம்மா” என்று வைத்துவிட்டேன்.

மெஷின் வாங்கியவர்கள் பின்னால் தகராறு பண்ணுவார்கள் என்பதற்காகக் கடைக்கும் சேர்த்து வைத்திருக்கிற என் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். அவள் நம்பரைப் ‘போலி’ என்று சேமித்துவைத்தேன்.

ஜூன் 25, புதன்

போட்டுவிட்டேன். ‘நான்தான் தாரகை: கையும் களவுமாக மாட்டிய போலி.’ வெட்டி ஒட்டியதாக அவள் சொன்ன பகுதியை மட்டும் எடுத்துவிட்டேன். நீளமாக இருந்தால் யாரும் பார்ப்பதில்லை.

மெர்லின் முழுதையும் என் போனில் கேட்டாள். எடுத்துவிட்ட பகுதியையும் சேர்த்து.

“எதுக்குங்க அந்தம்மாவ அம்புட்டு தடவ சொல்லவச்சிய?”

“டெஸ்ட்னா அப்படித்தான்.”

“பாவம், நீங்க கேக்கக் கேக்க சொல்லுதாவளே. ஏமாத்துற ஆளு எதுக்கு அப்படிச் சொல்லப்போறா? எப்பவோ போன வச்சிட்டுப் போயிருக்க மாட்டாளா?”

ஒன்றாம் வகுப்பு டீச்சர்களுக்கு எல்லாமே பாவம்தான்.

ஜூன் 27, வெள்ளி

இருமல் பெரிய ஹிட். எவனோ அதற்குத் தாளம் சேர்த்துப் பாட்டாக்கிவிட்டான். கல்லூரிப் பிள்ளைகள் அதற்கு ஆடுகிறார்கள். ‘இருமல் ஆன்ட்டி’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது. மெர்லின் வகுப்பில் ஒரு வாண்டு ஆஜர் சொல்லும்போது “கேப்... ஹக் ஹக்” என்று இருமினானாம். அவள் அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

ஜூன் 28, சனி

தவ்ஃபீக் பேசினான். மேலப்பாளையத்துப் பையன், காவல்படையில் முதல் நாளிலிருந்து இருக்கிறவன், இப்போது மெட்ராஸில் ஒரு ரிக்கார்டிங் தியேட்டரில் வேலை.

“அண்ணே, அந்த ஆடியோவ மொதல்ல எடுங்க.”

“ஏன்டே?”

“அது அவங்கதாண்ணே. பழைய படத்துக்குச் சவுண்டு பாத்த பெரியவரு இங்க எங்க மொதலாளிக்குக் கூட்டாளி. நேர்ல போய்க் கேட்டுட்டு வாரேன். வனஜாம்மான்னே பேரச் சொன்னாரு. இருமல் வந்தது, மறுநாள் ஒரு வார்த்த மட்டும் பேசுனது, அவரே கையால வெட்டி ஒட்டுனது, எல்லாம் சொன்னாரு. நான் கேக்குறதுக்கு முன்னாலயே சொன்னாருண்ணே.”

கடை வாசலில் ஒருத்தன் மாம்பழ வண்டியை நிறுத்திவிட்டுக் கத்திக்கொண்டிருந்தான், அவனை விரட்டிவிட்டு வந்தேன்.

“தவ்ஃபீக்கு, இத வேற யார்ட்டயாவது சொன்னியா?”

“இல்லண்ணே. ஒங்ககிட்டதான் மொதல்ல.”

“சொல்லாத. அந்தப் பெரியவருக்கு என்ன வயசு? மறதி இருக்கும். எதையாவது எதோடயாவது போட்டுக் குழப்புவாரு.”

“அண்ணே, நீங்க என்ன பேசுதிய? தாரகைண்ணே அவங்க. நம்ம தாரகை!”

“நம்ம தாரகைக்கு மூச்சு உண்டு” என்றேன்.

அவன் ‘காவல்படை’ குழுவிலிருந்து விலகிவிட்டான். போகட்டும். அதிகம் படித்த பயல்களே இப்படித்தான்.

ஜூலை 1, செவ்வாய்

ஜெயித்துவிட்டோம்!

கம்பெனி அறிக்கை விட்டிருக்கிறது. ‘ரசிகர்களின் உணர்வுக்கு மதிப்பளித்து, தாரகையின் குரல் மாற்றப்படுகிறது.’ கம்பெனியில் ரசிகர் பக்கங்களைக் கவனிக்கும் மகிழன் என்பவர் எனக்கே போன் செய்தார். என்ன மரியாதை, என்ன மரியாதை.

“சார், உங்க ஆடியோ எங்களுக்குப் பெரிய ஹெல்ப். மாத்தலாம்னு எங்களுக்கும் இருந்துச்சு, அக்ரிமென்ட் இடிச்சிட்டிருந்துச்சு. வெளிய சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன். அவங்களே உங்களுக்குப் போன் பண்ணி சொல்லிட்டாங்க, நீங்க அதை உலகத்துக்கே கேக்க வச்சுட்டீங்க. எங்களுக்கு வேலை ஈஸி ஆயிடுச்சு.”

“அப்ப அவங்கதான்...” என்று ஆரம்பித்தேன்.

“சார், அந்த டாபிக்குள்ள நாம போகவே வேணாம்” என்றார்.

நாங்கள் போகவில்லை. மாலையில் பக்கத்தில் கேக் வெட்டுகிற படம் போட்டேன். கேக்கின்மேல் ‘கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்று எழுதச் சொல்லியிருந்தேன், பேக்கரிக்காரன் இடம் பற்றாமல் ‘கேட்டுக்கொண்டு’ என்பதோடு நிறுத்திவிட்டான்.

ஜூலை 5, சனி

போலியிடமிருந்து எழுத்துச் செய்தி. அப்படியே எழுதுகிறேன்:

‘தம்பி, படம் போனது போகட்டும். உங்கள் மேல் கோபம் இல்லை. அந்த ஆடியோவை மட்டும் எடுத்துவிடுங்கள். சீரியலிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் குரல் வந்தாலே பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்களாம். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். தயவு செய்து எடுத்துவிடுங்கள். வனஜா.’

இப்போது எடுத்தால் என்ன நினைப்பார்கள்? காவல்படை தப்புப் பண்ணிவிட்டது என்றல்லவா பேசுவார்கள். ‘படம் வரட்டும், பார்க்கலாம்’ என்று பதில் போட்டேன். அதில் ஒன்றும் குறையில்லை, மரியாதையாகத்தான் போட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

வருஷாவருஷம் சோதனை மெஷினை ஆள் வந்து சரிபார்ப்பான். அவன் போன பிறகு சும்மா நானே உள்ளே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன். மெல்லிய சத்தங்கள் வர வேண்டிய இடத்தில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. மெஷினைக் கெடுத்துவைத்துவிட்டுப் போயிருக்கிறான் கிறுக்கன். மறுபடி வரச் சொல்ல வேண்டும்.

ஜூலை 12, சனி

மெஷினில் கோளாறு ஒன்றுமில்லை என்கிறான் மறுபடி வந்தவன். மெர்லினை உட்காரவைத்துப் பார்த்தான், அவளுக்கு எல்லாம் கேட்கிறது. வேறு கம்பெனி மெஷின்தான் வாங்க வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி

இரண்டாவது டிரெய்லர். அதே தியேட்டர். இந்த முறை மாலை இரண்டு.

“யாராவது இருக்கீங்களா?”

“கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்...” அந்த அரை மூச்சு! “...கேப்டன்.”

நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், விம்மி அழுதேன். பக்கத்து சீட்டில் யாரென்றே தெரியாத ஒருத்தன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். அவளேதான். வயசே ஆகவில்லை. என் பள்ளிக்கூட நாளில் கேட்ட அதே குரல், ஒரு மயிரிழை மாறாமல். நாலு தடவை போடச் சொல்லிப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த மூச்சு வந்த இடத்தில் என்னைத் தோளில் தூக்கினார்கள்.

வெளியே வந்தபோது தவ்ஃபீக்கின் செய்தி வந்திருந்தது. ‘அது ஆள் பேசினது இல்லண்ணே. பழைய படத்தக் குடுத்து ஏஐ மெஷினுக்கு அந்தக் குரலப் படிச்சுக் குடுத்திருக்காங்க. ஒட்டுப்போட்ட சத்தத்தையும் சேத்துப் படிச்சிருக்கு. பழைய குரலைப் பயன்படுத்திக்கிடுறோம்னு வனஜாம்மாகிட்டயே போய்க் கையெழுத்து கேட்டிருக்காங்க. நான் வேண்டாம், என் குரல் மட்டும் வேணுமான்னு கேட்டாங்களாம். அப்புறம் போட்டுக் குடுத்துட்டாங்க. வீட்டு நெலம அப்படி. சந்தோஷமாண்ணே?’

சந்தோஷம்தான். அவனை பிளாக் செய்தேன்.

வீட்டில் மெர்லின் “எப்படி இருந்தது?” என்றுகூடக் கேட்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மெட்ராஸில் ஆடியோ விழா. போக வர ஏசி கோச், ஓட்டல், எல்லாம் கம்பெனி. மகிழன் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். “சார், மேடைல உங்களுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் வெச்சிருக்கேன். அந்த நேரத்துல வேற ஒருத்தர ஏத்தறதா இருந்துச்சு, அது கேன்சல். காலியா விட்டா நல்லாருக்காது.”

ஏறினேன். பொன்னாடை போர்த்தினார்கள். ‘தாரகையை மீட்டவர்’ என்று திரையில் என் பெயர் போட்டார்கள், என் பெயர், அவ்வளவு பெரிய எழுத்தில்! கீழே இருட்டில் ஆயிரக்கணக்கில் கைகள். அரை மூச்சைப் பற்றிப் பேசினேன். காது என்பது கடவுள் கொடுத்தது, அதைச் சிலர்தான் பயன்படுத்துகிறார்கள் என்றேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

இறங்கும்போது மகிழன் என் போனை வாங்கி எதையோ ஏற்றிக் கொடுத்தார். “உங்களுக்காக ஸ்பெஷலா பண்ணது சார். ரிங்டோனா வெச்சுக்கோங்க.”

கழிப்பறைக்குள் போய்த் தனியாகக் கேட்டேன்.

“கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்... எட்வின்.”

மூச்சும் இருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடைக்கு யார் போன் செய்தாலும் இரண்டு தடவை முழுதாக அடித்த பிறகுதான் எடுக்கிறேன். மெர்லின் முதல் தடவை கேட்டபோது தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“இது அந்தம்மா குரலுல்லா.”

“தாரகை குரல்.”

“அந்தம்மாவ நான் கூப்பிட்டுப் பேசுனேன்” என்றாள். “ஒங்களுக்காக மன்னிப்புக் கேட்டேன். ஒரு வார்த்த ஒங்களத் திட்டல. எம்புள்ள மாதிரி, காது நல்ல காது, ஏதோ கோவத்துல செஞ்சிட்டாருன்னு சொல்லுதாவ. அவிய மருமவகூட இப்பம் இருமல் வந்தா மொகத்தத் திருப்பிக்கிடுதாளாம், அதச் சொல்லையிலதான் அழுதாவ. அந்த ஆடியோவ எடுங்கங்க. ஒங்களுக்கு இனி என்ன வேணும்? மேடையெல்லாம் ஏறியாச்சே.”

என் போனிலிருந்து நம்பரை எடுத்து, என் பகைவர்களுக்குப் போன் செய்கிறாள் என் பெண்டாட்டி. சண்டை போட்டேன். தோசை கருகிவிட்டது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முதல் நாள், முதல் காட்சி. படம் சுமார்தான். ஹீரோவுக்கு நடிக்க வரவில்லை, இரண்டாம் பாதி இழுவை. ஆனால் தாரகை வருகிற இடமெல்லாம் கோயில்.

கடைசியில் பெயர்கள் ஓடும்போது யாரும் எழுந்து போகவில்லை. டப்பிங் பேசியவர்கள் வரிசை வந்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எதிரே ஒரு பெயர். தாரகை என்று வந்தது. எதிரே ‘அவளே’ என்று போட்டிருந்தார்கள். தியேட்டர் கிழிந்துவிட்டது. நானும் விசிலடித்தேன்.

வெளியே வந்ததும் எல்லாரும் ‘இருமல் ஆன்ட்டி’ பாட்டைப் போட்டு ஆடினார்கள். அதை எடுக்கச் சொல்வது இப்போது என் கையிலும் இல்லை. நான் எடுத்தாலும் ஊர் முழுக்க இருக்கிறது. அதனால் எடுக்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

மெர்லின் அம்மா வீட்டுக்கு நாகர்கோவில் போயிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக்கொடுத்திருக்கிறாளாம். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை. ஃபிரிட்ஜில் புளிக்குழம்பு இருக்கிறது, புதன்வரை வரும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் போன மாதம் வாங்கிய காது மெஷினைத் திருப்பிக்கொடுக்க வந்தார். “என்ன அண்ணாச்சி, கேக்கலியா?” என்றேன்.

“கேக்குதுய்யா. அதான் பிரச்சினை. மருமவ அடுப்படியில என்னப் பத்திப் பேசுறது பூராவும் கேக்குது. இதுக்கு முன்னாலதான் நிம்மதியா இருந்தேன்.”

சத்தத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று அவரைச் சோதனை அறைக்குள் உட்காரவைத்தேன். அப்போது மேஜைமேல் போன் அடித்தது.

“கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்... எட்வின்.”

திரையில் ‘போலி’ என்று வந்தது.

எடுக்கக் கையை நீட்டினேன். நீட்டியதுமே அந்தக் குரல் மறுபடி வந்தது, மூச்சோடு, என் பெயரோடு. எடுத்தால் நின்றுபோகும். எடுத்தால் அந்தக் கரகரப்பு வரும், “தம்பி” என்று வரும், இருமல் வரும். கையை இழுத்துக்கொண்டேன்.

“கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்... எட்வின்.”

தாசில்தார் ஹெட்போனைக் கழற்றி, காது மெஷினை மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். “யாரோ பொம்பளப் பிள்ள ஒங்களக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா சார். எடுங்க.”

“இருக்கட்டும் அண்ணாச்சி. முடியட்டும்.”

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முழுதாகக் கேட்டேன். நின்றது. திரும்ப அடித்தது, அதையும் கேட்டேன். மூன்றாவது தடவை இரண்டு வரியிலேயே நின்றுவிட்டது.

மறுபடி கூப்பிடுவாள் என்று கடை சாத்தும்வரை போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை.